இரண்டு பாதை இருந்தும் சர்வர் ஏன் விழுகிறது? ரேஷன் கடை வரிசை முதல் பங்குச் சந்தை வரை

"சர்வர் டவுன், அப்புறம் வாங்க."

இடுக்கியின் மூணாறு, மறையூரிலும் பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறையிலும் ரேஷன் கடைக்குப் போகிற தமிழர்களுக்கு இது பழகிப்போன பதில். 2024 மார்ச் 15 அன்று மஞ்சள், பிங்க் கார்டுதாரர்கள் விரல் ரேகை வைத்து 'மஸ்டரிங்' செய்ய கேரளம் முழுவதும் அழைக்கப்பட்டார்கள். சர்வர் திணறியது. காலையிலிருந்து வரிசையில் நின்ற பலர் வேலை முடியாமலே திரும்பினார்கள். தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்தவருக்கு அது ஒரு நாள் கூலி.

'சர்வர் டவுன்' என்ற ஒரே வார்த்தைக்குள் பல காரணங்கள் ஒளிந்திருக்கும். கூட்டம் தாங்காமல் போகலாம், நெட்வொர்க் அறுந்திருக்கலாம். வெளியே தெரியாத இன்னொரு காரணமும் உண்டு. சர்வருக்கும், தகவல்கள் இருக்கிற ஸ்டோரேஜுக்கும் நடுவிலுள்ள பாதை கெட்டுப்போவது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மல்டிபாத் என்றால் என்ன?

பெரிய நிறுவனங்களில் தகவல்கள் சர்வருக்குள்ளேயே இருப்பதில்லை. தனி ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கும். இரண்டையும் இணைக்க ஒரே கேபிள் போட்டால், அது அறுந்ததும் எல்லாம் நின்றுவிடும். அதனால் இரண்டு கார்டு, இரண்டு ஸ்விட்ச், இரண்டு கன்ட்ரோலர் என்று பாதைகளைப் பெருக்குவார்கள். இதுதான் மல்டிபாத். ஒரு பாதை கெட்டால் வேலை தானாக அடுத்ததற்கு மாறுவது ஃபெயில்ஓவர்.

மூணாறுக்காரர்களுக்கு இது புதிதல்ல. தமிழ்நாட்டுக்கு வர போடிமெட்டு வழி ஒன்று, மறையூர் - உடுமலை வழி இன்னொன்று. கேப் ரோட்டில் மண் சரிந்தால் மறையூர் பக்கம் சுற்றுவார்கள். 2018 வெள்ளத்தில் பெரியவரை பாலம் போனபோது அடைபட்டது அந்த மறையூர் சாலை.

அப்புறம் ஏன் விழுகிறது?

சாலை முழுதாக அடைபட்டால் முடிவெடுப்பது சுலபம், திரும்பிவிடலாம். "இப்போ திறந்துடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தால்தான் சிக்கல். காத்திருப்பதா, திரும்புவதா?

சர்வருக்கும் இதே குழப்பம்தான். லினக்ஸில் வட்டுக்கு அனுப்பிய ஒரு கட்டளைக்குப் பதில் வர, வழக்கமாக 30 விநாடி காத்திருக்கும். ஐஸ்கஸி இணைப்பு அறுந்தால், அது திரும்பி வர வழக்கமான அமைப்பில் 120 விநாடி பொறுக்கும். மேலே ஓடுகிற கிளஸ்டர் மென்பொருள் அவ்வளவு நேரம் பொறுக்காவிட்டால், "இந்த சர்வர் செத்துவிட்டது" என்று முடிவுகட்டி அதை ரீஸ்டார்ட் செய்துவிடும். இரண்டாவது பாதை நன்றாகத்தான் இருந்தது, மாறுவதற்குத்தான் நேரம் கிடைக்கவில்லை.

எல்லாப் பாதையும் போனால் இன்னொரு கேள்வி வரும். முடிவில்லாமல் காத்திருக்கச் சொன்னால் சர்வர் உயிரோடு இருப்பது போலவே உறைந்து நிற்கும். உடனே 'எரர்' சொல்லச் சொன்னால், சில நொடித் தடங்கலுக்கே ஃபைல் சிஸ்டம் 'படிக்க மட்டும்' என்ற நிலைக்குப் போகலாம், டேட்டாபேஸ் நின்றுபோகலாம்.

இந்தியாவே பார்த்த உதாரணம்

2021 பிப்ரவரி 24. தேசிய பங்குச் சந்தையான என்எஸ்இயில் காலை 11.40 மணிக்கு வர்த்தகம் நின்றது. மீண்டும் தொடங்கியது பிற்பகல் 3.45-க்கு. நேரம் நீட்டிக்கப்படும் என்பது முன்கூட்டியே தெரியாததால், பல தரகர்கள் வாடிக்கையாளர்களின் அன்றைய வர்த்தகத்தை பிஎஸ்இயில் முடித்துவிட்டார்கள். சிலருக்கு அது நஷ்டம்.

என்எஸ்இயிடம் இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகள் இருந்தன. ஆனால் முதன்மை மையத்துக்கும் அருகிலுள்ள மாற்று மையத்துக்கும் நடுவில் இரண்டு நிறுவனங்களின் இணைப்புகளுமே தடுமாறின. சாலையில் நடந்த தோண்டும் பணிகளே இதற்குக் காரணம் என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. அந்தத் தடுமாற்றத்தில் ஸ்டோரேஜ் அமைப்பு எதிர்பாராத விதமாக நடந்துகொண்டது. முதன்மை மையத்தின் சர்வர்களுக்கே அது எட்டாமல் போனது. ரிஸ்க் மேலாண்மை அமைப்பு முடங்கியது. அது இல்லாமல் சந்தையை நடத்த முடியாது.

அடுத்த மாதமே செபி விதியை இறுக்கியது. முக்கிய அமைப்பு முடங்கினால் 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடராக அறிவிக்க வேண்டும், அதிலிருந்து 45 நிமிடத்துக்குள் மீள வேண்டும். "எப்போது திரும்புவது" என்ற முடிவுக்கே கெடு வைத்தார்கள்.

எங்கே பார்க்க வேண்டும்?

உங்கள் அலுவலக சர்வர் இப்படி விழுந்தால், முதலில் பதிவேட்டில் நேரத்தைப் பாருங்கள். சர்வர் விழுவதற்கு முன்பே பாதை கெட்டதாகப் பதிவாகியிருந்தால், சந்தேகம் ஸ்டோரேஜ் பக்கம் திரும்ப வேண்டும்.

அடுத்து, கேபிளைக் கையால் தொட்டுத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். திரையில் நான்கு பாதை காட்டும். நான்கும் ஒரே ஸ்விட்சில் போய்ச் சேர்ந்தால், ஒரே மின் இணைப்பில் ஓடினால், உங்களிடம் இருப்பது ஒரே பாலம்தான்.

மூன்றாவதாக, காத்திருப்பு நேரங்களை ஒரு தாளில் எழுதி ஒப்பிடுங்கள். பாதை மாற ஆகும் நேரம், கிளஸ்டரின் பொறுமையை விடக் குறைவாக இருக்க வேண்டும்.

நான்காவதாக, விட்டுவிட்டு வேலை செய்கிற பாதையை நம்பாதீர்கள். கேபிளையோ அதன் முனையையோ மாற்றும்வரை அதைப் பயன்பாட்டிலிருந்து விலக்கி வையுங்கள்.

கடைசியாக, பராமரிப்பு நேரத்தில், பேக்கப் எடுத்துவிட்டு, ஒரு கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். பிறகு ஸ்விட்சை அணையுங்கள். மாற எத்தனை விநாடி ஆனது என்று குறித்துவையுங்கள். பிடுங்கிப் பார்க்காத இரண்டாவது பாதை வரைபடத்தில் மட்டும்தான் இருக்கிறது.

இந்தச் சோதனைக்கு ஒரு ராத்திரி போதும். அதைச் செய்யாவிட்டால் அதன் விலையைக் கொடுப்பது, மறுநாள் காலை கவுண்டருக்கு முன்னால் நிற்பவர்கள்.