தொப்பூர் இறக்கமும் பிரேக்கின் சூடும்

தருமபுரியிலிருந்து சேலத்துக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது சில சமயம் ஏதோ கருகும் நெடி மூக்கில் ஏறும். முன்னே செல்லும் லாரியின் பிரேக்கிலிருந்து வருவது அது. அலட்சியம் செய்யக்கூடிய நெடியன்று. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இந்த இறக்கத்தில் லாரிகள் கட்டுமீறிப் பிற வாகனங்கள்மீது மோதியதில் பலர் உயிரிழந்தனர்.

பிரேக் என்ன செய்கிறது? "வண்டியை நிறுத்துகிறது" என்பீர்கள். பௌதிகம் தரும் விடை சற்று வேறு. ஆற்றலை அழிக்க முடியாது அல்லவா? பிரேக் அதை உராய்வினால் வெப்பமாக மாற்றுகிறது. அவ்வளவே அதன் வேலை.

எவ்வளவு வெப்பம்? பென்சிலை எடுங்கள். 25 டன் எடையுள்ள லாரி, வேகம் கூடாமல், 100 மீட்டர் உயரம் கீழே இறங்குகிறது. நிறை 25,000 கிலோகிராம், அதை 9.8ஆலும் 100ஆலும் பெருக்கினால் 2 கோடியே 45 லட்சம் ஜூல். சுமார் 80 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க இது போதும்! லாரியில் ஆறு பிரேக் டிரம்கள், ஒவ்வொன்றும் 50 கிலோ இரும்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ இரும்பின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தச் சுமார் 460 ஜூல் வேண்டும். வெப்பம் முழுவதும் டிரம்களிலேயே தங்கினால் அவற்றின் சூடு ஏறத்தாழ 175 டிகிரி உயரும். இன்னொரு 100 மீட்டர் இறங்கினால் 350. உண்மையில் காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். ஆயினும் ஆபத்து எத்தகையது என்பது விளங்கும்.

டிரம்மை உரசும் லைனிங்கில் நார்களும் உலோகத்தூளும் ஒருவகைப் பிசினால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. சூடு மிகுந்தால் பிசின் சிதைந்து வாயுவை வெளிவிடுகிறது. நெடி அதனுடையதுதான். உராய்வு குறைகிறது. போதாக்குறைக்கு டிரம் விரிந்து லைனிங்கைவிட்டு விலகுகிறது. டிரைவர் முழுப் பலத்தோடு மிதித்தாலும் வண்டி நிற்பதில்லை.

கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் உள்ள டிஸ்க் பிரேக்கில் நிலைமை சற்று மேல். வட்டு வெளிக்காற்றில் சுழல்வதால் விரைவில் ஆறுகிறது. அது விரிந்தாலும் பேடைவிட்டு விலகுவதில்லை. பல கார்களின் முன்சக்கர வட்டு இரண்டு தகடுகளால் ஆனது. இடையிலுள்ள வழிகள் விசிறிபோல் காற்றை வீசுகின்றன. வட்டில் துளைகள் இருந்தால்தான் நல்ல பிரேக் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். துளைகள் மழைநீரை வழித்தெடுக்க உதவும், உண்மைதான். ஆனால் வெப்பத்தைத் தாங்கும் உலோகம் குறைகிறது, கடும் சூட்டில் துளையோரத்தில் விரிசலும் தொடங்கலாம்.

அப்படியானால் பந்தயக் காரின் பேடை நம் வண்டிக்குப் பொருத்தினால் என்ன? சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கடுமையாகப் பிரேக் பிடிக்கிறார்கள். பேடு ஆறவே நேரமில்லை. அதற்கென்று செய்த பேடு மிகுந்த சூட்டில்தான் நன்றாகப் பிடிக்கும். அதிகாலையில் பென்னாகரம் சாலையில் திடீரென ஒரு மாடு குறுக்கே வந்தால்? குளிர்ந்திருக்கும் அந்தப் பேடு தேவையான அளவு பிடிக்காது. வட்டையும் விரைவில் தேய்த்துவிடும். ஊருக்குள் ஓடும் வண்டிக்கு முதல் மிதியிலேயே பிடிக்கும் சாதாரணப் பேடுதான் ஏற்றது. ஆக, பேடைத் தேர்ந்தெடுப்பது என்பது அது வேலைசெய்ய வேண்டிய வெப்பநிலையைத் தேர்ந்தெடுப்பதே. பிரேக் எண்ணெயையும் மறக்கலாகாது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை தாழும். எண்ணெய் கொதித்துக் குமிழி உண்டானால், மிதிக்கும்போது குமிழிதான் நசுங்கும்.

தொப்பூரில் இறங்கும் லாரிக்கு எந்த லைனிங்கும் தனியாகப் போதாது. தாழ்ந்த கியரில் இறங்கும்போது சக்கரங்களே எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கிறது. புகைக்குழாயை அடைக்கும் 'எக்ஸாஸ்ட் பிரேக்'கையும் போட்டால் எஞ்சின் இன்னும் இறுகுகிறது. ஆற்றலில் பெரும்பங்கு அங்கே செலவாகிவிட, டிரம்கள் ஆறுகின்றன.

டீசலை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் இறங்குபவர் இந்த உதவியைத் தாமே துண்டித்துக்கொள்கிறார். சிலர் எஞ்சினையும் அணைத்துவிடுகிறார்கள். லாரியின் பிரேக் காற்றழுத்தத்தால் இயங்குவது. காற்றை நிரப்பும் கம்ப்ரஸரை ஓட்டுவது எஞ்சின். அது நின்றபின், ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அழுத்தமானியின் முள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும்.