குறைவாக ஓடும் மோட்டார் வண்டியும் அதன் பராமரிப்பும்

ஓடும் வண்டியே தேயும், நிற்கும் வண்டி புதிதாகவே இருக்கும் என்று கருதுவார் பலர். ஞாயிறுதோறும் ஆலயத்திற்கும், மாதம் ஒருமுறை பாங்கிக்கும் மட்டும் தம் வண்டியைச் செலுத்தும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரை எண்ணுவோம். அவர்தம் வண்டி ஆண்டொன்றில் 2,000 கிலோமீட்டரும் ஓடாது. 10,000 கிலோமீட்டருக்குரிய சர்வீஸை ஐந்தாண்டு கழித்துச் செய்தால் என்னை என்று அவர் வினவுதல் இயல்பே. அதற்கு விடை கூறுதலே ஈண்டு யாம் மேற்கொண்டது.

நம் நாட்டில் விற்கப்பெறும் பெட்ரோல் வண்டிகள் பலவற்றின் கையேட்டில், 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், இவற்றுள் முந்துவது எதுவோ அதுவே சர்வீஸ் காலம் என்று குறித்திருத்தலைக் காணலாம். 'மாதம்' என்னும் அச்சொல் வீணே இடப்பட்டதன்று.

முதலாவது, எஞ்சின் ஆயில். எஞ்சின் நன்கு சூடேறுமுன் முடிந்துவிடும் குறும்பயணங்களில், பெட்ரோல் எரிதலால் உண்டாகும் நீராவி குளிர்ந்து ஆயிலிற் கலக்கும். எரியாத பெட்ரோலும் உடன் சேரும். நெடும்பயணத்தில் இவை வெப்பத்தால் வெளியேறிவிடும். குறும்பயணத்திலோ தங்கி ஆயிலைக் கெடுக்கும்.

இரண்டாவது, பிரேக் ஆயில். இது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் மிகுந்தோறும் அதன் கொதிநிலை தாழும். மலைச்சரிவில் இறங்குங்கால் பிரேக்கு மிகச் சூடேறி அவ்வாயில் கொதிக்குமாயின், மிதித்தும் வண்டி நில்லாது. ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை இதனை மாற்றுதல் நன்று. ஈண்டுக் காக்கப்படுவது பொருளன்று, உயிரே என்க.

மூன்றாவது, பாட்டரி. நின்ற இடத்திலும் இது மின்சாரத்தை இழக்கும். வெறுமையாகவே கிடப்பின் ஈயத்தகடுகளிற் படியும் உப்பு இறுகி, பின்னர் மின்னேற்றினும் பயன்படாது போகும்.

நான்காவது, டயர். இரப்பர் வெயிலாலும் காலத்தாலும் இறுகி வெடிக்கும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்கள் அதன் வயதைக் காட்டும்: 2321 என்பது 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்று பொருள்படும்.

இனிச் செலவினை நோக்குவோம். ஆண்டு சர்வீஸுக்கு 5,000 ரூபாய் ஆவதாகக் கொள்வோம். 10,000 கிலோமீட்டர் ஓடுவார்க்குக் கிலோமீட்டருக்கு 50 காசு. 2,000 மட்டும் ஓடுவார்க்கு இரண்டரை ரூபாய். இவ்வேற்றுமையைச் சர்வீஸைத் தள்ளிப்போட்டு ஈடுசெய்ய முயலுதல் தவறு. வாரண்டி உள்ள வண்டியாயின் அவ்வுரிமையும் இழக்க நேரும். வேண்டாதவற்றை விலக்குதலே சிக்கனத்திற்கு வழி. பிரேக் பேடு, கிளட்சு முதலியன பெரும்பாலும் ஓட்டத்தால் தேய்வன. அவற்றின் தேய்வைக் கண்ணாற் கண்ட பின்னரே மாற்ற இசைதல் வேண்டும். கையேட்டிற் கூறப்படாத கழுவுதல், மெருகூட்டுதல் போன்ற வேலைகளை வேண்டா எனலாம். வேலை தொடங்குமுன்னரே செலவுக் கணக்கை எழுதி வாங்குதல் நலம். அன்றியும், வாரம் ஒருமுறை அரைமணி நேரம் இடைவிடாது ஓட்டுவது பாட்டரிக்கும் எஞ்சினுக்கும் ஒருங்கே நன்மை தரும்.

நண்பர்காள்! உவமையிற் கண்ட ஊழியன் மண்ணிற் புதைத்த தாலந்து பெருகவில்லை எனினும், குறையவும் இல்லை. நிறுத்திவைத்த வண்டியோ நாளுக்குநாள் குறைந்துகொண்டே வரும். ஆதலின், சிறிது ஓட்டுவார் சிறிது கவனித்தாற் போதும் என்று எண்ணாது, ஓடிய தொலைவோடு சென்ற காலத்தையும் கணக்கிடுவாராக.