முதல் பரிசோதனை யாருக்கு?

கலியாணம் முடிந்து இரண்டு வருடமானால் போதும், கேள்வி பெண்ணிடம்தான் வரும். "என்ன புள்ள, இன்னம் ஒண்டும் இல்லியா?" பிறகு ஓதிய தண்ணீர், நாட்டு மருந்து, கிளினிக், ஸ்கேன் என்று அவள் அலைவாள். கணவரும் ஒரு டெஸ்ட் செய்தால் என்ன என்று கேட்டால், மாமி முந்திக்கொள்வார்: "எண்ட மகனுக்கு என்ன கொற?"

மருத்துவம் அப்படிப் பார்ப்பதில்லை. பிள்ளை தாமதிக்கும் தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண்பக்கக் காரணம் தனியாகவோ, பெண்பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. ஆகவே இருவருக்கும் ஒரே காலத்தில் பரிசோதனை தொடங்க வேண்டும்.

கருத்தடையின்றி 1 வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் வைத்தியரிடம் போகலாம். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் 6 மாதமே போதும். மாதவிடாய் ஒழுங்கின்றி வந்தால் காத்திருக்கவே வேண்டாம். கணவர் சவூதியிலோ கட்டாரிலோ இருந்து லீவில் மட்டும் வந்து போகிறவர் என்றால், அந்த வருடத்தை முழு வருடமாகக் கணக்கெடுக்க முடியாது.

கணவருக்கான முதல் சோதனை விந்துப் பரிசோதனை. ஊசியில்லை, வலியில்லை. 2 முதல் 7 நாட்கள் உறவைத் தவிர்த்து மாதிரி கொடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால், உடற்சூட்டில் வைத்து 1 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். மாதிரி எடுக்கும் முறை பற்றி நம்மவர் பலருக்கு மார்க்க ரீதியான தயக்கம் உண்டு. மனைவியோடு சேரும்போதே சேகரிக்க, விந்தணுவைப் பாதிக்காத விசேட உறை இருக்கிறது. சாதாரண ஆணுறை இதற்கு உதவாது. வெட்கப்படாமல் டொக்டரிடம் கேளுங்கள்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2021 கைந்நூல்படி, ஒரு மில்லிலீற்றரில் 16 மில்லியன் விந்தணுக்களும், அவற்றில் 42 சதவீதம் அசைவதும் கீழ் எல்லை. அதற்குக் குறைந்தால் 'மலடு' என்று அர்த்தமல்ல. ஒரு கடும் காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைக்கும். விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் எடுப்பதால், 3 மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். சிகரட்டும், ஜிம்மில் போடும் ஹோர்மோன் ஊசியும் விந்தணுவுக்குக் கேடு.

மனைவிக்கு முதலில் பார்ப்பது முட்டை வெளியாகிறதா என்பதை. 28 நாள் சுற்றென்றால் 21ஆம் நாள் புரொஜெஸ்தரோன் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். சுற்று 35 நாளென்றால் அது 28ஆம் நாளுக்குப் போகும். நாள் தவறினால் ரிப்போட் ஏமாற்றிவிடும். ஸ்கேனில் கருப்பையும் சூலகமும் தெரியும். பலோப்பியன் குழாய்களில் அடைப்புண்டா என்று பார்க்க, மாதவிடாய் நின்ற சில நாட்களில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். இது சிலருக்கு நன்றாக வலிக்கும். கணவரின் ரிப்போட் வருமுன் அவளை இதற்கு அனுப்புவது நியாயமா?

எல்லாம் சரியாயிருந்தும் காரணம் தெரியாமல் போவதுண்டு. அப்போதும் குற்றவாளி யாருமில்லை.

ஸகரிய்யா (அலை) அவர்கள் பிள்ளை கேட்டுத் துஆச் செய்தபோது, மனைவியின் மலட்டுத்தன்மையைச் சொல்வதற்கு முன் தமது எலும்பு தளர்ந்ததையும் தலை நரைத்ததையும் சொன்னார்கள். நம் வீடுகளிலோ கணவரின் ஒரு ரிப்போட் கையில் இல்லாமலே இரண்டாவது நிகாஹ் பற்றிப் பேச்செடுக்கிறோம். பேசுமுன் அந்த ரிப்போட்டை எடுத்துப் பார்ப்போம்.