மழையில் நனையாத மண் உண்டு, தெரியுமா?

அடைமழை கொட்டி ஓய்ந்த நிலத்தைத் தோண்டிப் பார்த்தால் உள்ளே உலர்ந்த புழுதி! நம்ப முடிகிறதா? ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில், கோதுமை விளையும் மணற்பாங்கான நிலங்களில் இது ஆண்டுதோறும் நடக்கும் கதை. அங்கே சுமார் 1 கோடி ஹெக்டேர் நிலம் இந்தச் சிக்கலுக்கு ஆளாகக்கூடியது. ஓரிடத்தில் நல்ல ஈரம், ஒரு சாண் தள்ளிப் பொடிமணல். விதைத்த கோதுமை திட்டுத்திட்டாகத்தான் முளைக்கும்.

காரணம் என்ன தெரியுமா? மெழுகு! இலையும் வேரும் மக்கும்போது வெளிப்படும் மெழுகு, மணல் துகள்கள்மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்துவிடுகிறது. அப்புறம் மழைத்துளிக்கும் மண்ணுக்கும் தாமரை இலைத் தண்ணீர் உறவுதான்.

இதை அளக்கும் முறைதான் அழகோ அழகு. உலர்த்திய மண், ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு கடிகாரம், அவ்வளவே! சொட்டு 5 விநாடிக்குள் உள்ளே போனால் அது தண்ணீரை ஏற்கும் மண். 60 விநாடியைத் தாண்டினால் வலுவாக விலக்கும் மண். 3,600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம் கழிந்தும் சொட்டு முத்துப்போல உட்கார்ந்திருக்கும் மண்ணும் உண்டு!

சொட்டு உள்ளே போகும்வரை மணிக்கணக்கில் யார் காத்திருப்பது? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீரில் எத்தனாலைக் கலந்தால் அதன் பரப்பு இழுவிசை குறையும். விலக்குகிற மண்ணுக்குள்ளும் நுழைந்துவிடும். ஆகவே எத்தனாலைப் படிப்படியாகக் கூட்டி, எந்தக் கரைசல் 10 விநாடிக்குள் உள்ளே இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். எத்தனால் எவ்வளவு தேவைப்படுகிறதோ அவ்வளவு பிடிவாதமான மண்!

இன்னொரு வியப்பு: இதே மண் நன்றாக ஈரமாகிவிட்டால் பிடிவாதத்தை விட்டுவிடும், காய்ந்தால் பழையபடி முறுக்கிக்கொள்ளும். சோதனைக்கு முன் மண்ணை உலர்த்துவது இதனால்தான்.

கலிபோர்னியாவின் புதர்க்காடுகளில் தீ செய்யும் வேலை இன்னும் விசித்திரம். எரியும் சருகிலிருந்து கிளம்பும் மெழுகு ஆவியில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கி, குளிர்ந்த இடத்தில் படிகிறது. மேலே சாம்பல், அதன் கீழே தண்ணீர் புகாத ஒரு தளம்! சரிவில் பெய்யும் அடுத்த மழை அதைத் தாண்டி இறங்க முடியாமல் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடும். சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடு இந்தக் குணத்தை வளர்க்கிறது. 280-க்கு மேலே போனால் அதே சூடு மெழுகை அழித்துவிடுகிறது! தண்ணீரை விலக்கும் மண்களுக்கென்றே 1968-இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் அறிஞர்கள் கூடி ஒரு கருத்தரங்கு நடத்தியிருக்கிறார்கள்.

கோதுமை வயல்களின் மணலுக்குத் தீர்வு? களிமண்! மணல் துகள் பெரியது. மொத்தப் பரப்பு குறைவு என்பதால் கொஞ்சம் மெழுகே அதை மூடிவிடும். களிமண்ணின் நுண்துகள்களுக்கோ பரப்பு மிக மிக அதிகம். தெற்கு ஆஸ்திரேலிய உழவர்கள் களிமண்ணைக் கொண்டுவந்து மணலில் கலந்தே நிலத்தைத் திருத்தினார்கள். என் மனதை மிகவும் கவர்ந்தது இந்தக் கைவைத்தியம்தான். இன்னொன்றும் உண்டு: தண்ணீரை விலக்கும் மண்ணிலேயே மெழுகைத் தின்னும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன! அமிலத்தன்மை உள்ள மண்ணில் சுண்ணாம்பு இட்டால் அவை பெருகி, மெழுகைத் தின்று தீர்க்கத் தொடங்குகின்றன.