பஞ்சில் பிடித்த தீ

1944 ஏப்ரல் 14. பம்பாய் விக்டோரியா துறையில் நின்ற 'ஃபோர்ட் ஸ்டிக்கின்' கப்பலில் பஞ்சுப் பொதிகள் புகைந்தன. அதே கப்பலில் வெடிமருந்தும் இருந்தது! அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் வெடிப்பில் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம்.

அந்த வாரம் தீயணைப்பு வீரர்கள் பொதுமக்களுக்குச் செயல்விளக்கம் காட்டுவார்கள். நூலும் மரத்தறியும் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பங்கள் அவசியம் பார்க்க வேண்டியது அது. பட்டு சட்டென்று பற்றாது. முடி கருகும் வாடையோடு மெல்லத்தான் எரியும். பருத்தி குபீரென்று பிடிக்கும். பாலியஸ்டரோ உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். விளக்கேற்றும்போது எந்தப் புடவையானாலும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

உடையில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள், தரையில் உருளுங்கள். எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள்.

தறிக்குழியில் பாம்பு, கிணற்றில் மாடு என்றாலும் ஓடி வருகிறவர்கள் தீயணைப்பு வீரர்கள்தான். அழைக்க வேண்டிய எண் 101, 112-லும் கூப்பிடலாம்.