காலிப் பெட்டியில் மிஞ்சும் தடயங்கள்

வைரஸுக்கு அஞ்சி 'சாண்ட்பாக்ஸ்' மென்பொருளை நாடுகிறவர்கள் கூடிவருகிறார்கள். அதைக் காலி செய்தால் உள்ளே இருந்தது அழிந்துவிடும் என்ற நம்பிக்கைதான் ஆபத்தானது.

நாட்டின் எந்த ஊர் ஜெராக்ஸ் கடையிலும் காணக்கூடிய காட்சி இது. வாடிக்கையாளர் பென் டிரைவை நீட்டுகிறார். அதில் ஆதார் அட்டை, பான் கார்டு, பாஸ்புக்கின் முதல் பக்கம். கூடவே எங்கெங்கோ சுற்றி வந்த வைரஸ். விவரம் தெரிந்த கடைக்காரர் ஃபைலை நேரடியாகத் திறப்பதில்லை. சாண்ட்பாக்ஸுக்குள் திறந்து, பிரிண்ட் எடுத்து, பிறகு பெட்டியைக் காலி செய்துவிடுகிறார். வைரஸும் ஒழிந்தது, ஆதாரும் அழிந்தது என்று இருவருக்கும் நிம்மதி. வைரஸைப் பொறுத்தவரை அந்த நிம்மதி பெரும்பாலும் நியாயமானது. ஆதார் விஷயத்தில் அல்ல.

குழந்தைகள் விளையாட மணல் கொட்டிய தொட்டிதான் சாண்ட்பாக்ஸ். என்ன கட்டினாலும் இடித்தாலும் வீட்டுக்குச் சேதமில்லை. விண்டோஸ் உலகில் இந்த யோசனையைப் பரவலாக்கிய 'சாண்ட்பாக்ஸி' 2004இல் வெளிவந்தது. உருவாக்கியவர் ரோனென் ட்சூர். 2013இல் இன்வின்சியா நிறுவனத்திடமும், 2017இல் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து சோஃபோஸிடமும் கை மாறியது. 2019இல் இலவசமாயிற்று. 2020இல் மூல நிரலே பொதுவில் வைக்கப்பட்டது. இப்போது டேவிட் ஸானட்டோஸ் என்பவர் அதை வளர்த்துவருகிறார்.

வேலை செய்யும் முறை எளிமையானது. பெட்டிக்குள் ஓடும் புரோகிராம் ஒரு ஃபைலைத் திருத்த முயன்றால், அதன் நகல் ஒன்று தனி ஃபோல்டரில் உருவாகிறது. திருத்தம் நகலில் நடக்கிறது, அசல் அப்படியே இருக்கிறது. பலர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. தனியாகத் தடை விதிக்காதவரை, உள்ளே ஓடும் புரோகிராம் வெளியே எழுத முடியாதே தவிர, வெளியே உள்ள பலவற்றைப் படிக்க முடியும். படித்ததை இன்டர்நெட் வழியே அனுப்பிவிட்டால், அதன்பின் பெட்டியைக் காலி செய்து பயனில்லை.

சில சமயம் காலி செய்யவே முடியாது. கட்டளையைத் தட்டியதும் பிழைச் செய்தி வரும். காரணம் அநேகமாகச் சாதாரணமானது: உள்ளே ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஜன்னலை மூடிய பிறகும் பின்னணியில் உயிரோடிருப்பது பிரவுசர்களின் வழக்கம். எல்லாப் புரோகிராம்களையும் நிறுத்தும் கட்டளையை முதலில் கொடுத்து, பிறகு காலி செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கும் மசியாவிட்டால், ஆன்டிவைரஸ் அந்த ஃபைலைச் சோதிப்பதற்காகப் பிடித்துவைத்திருக்கலாம். கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துத் திறந்தவுடன், வேறெதையும் தொடாமல் அழித்துப் பார்ப்பது நல்லது.

இங்கே ஒரு ஏமாற்றமும் ஒளிந்திருக்கிறது. சாண்ட்பாக்ஸி அழிக்கத் தொடங்கும்முன் பழைய ஃபோல்டருக்கு 'டெலிட்' என்று தொடங்கும் வேறு பெயரைச் சூட்டிவிடும். புதுப் பெட்டி உடனே தயாராக வேண்டும் என்பதற்காக. அழிப்பு பாதியில் நின்றால், திரையில் பெட்டி காலி. சி டிரைவிலோ பழைய பெட்டி புதுப்பெயரில் குடியிருக்கும். அந்த ஃபோல்டரைத் திறந்து கண்ணால் பார்க்காமல் நம்ப முடியாது. இதற்கு நேர்மாறான சோகமும் உண்டு. மணிக்கணக்கில் அடித்த கடிதத்தை, வெளியே மீட்டுவைக்க மறந்து, பெட்டியோடு சேர்த்துத் தொலைப்பவர்கள்.

சரி, அழிந்தேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் விண்டோஸ் செய்வது, நூலகத்தில் அட்டவணைக் கார்டைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தை அலமாரியிலேயே விட்டுவைப்பதுதான். அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழையதை மீட்கலாம். சிம்சன் கார்ஃபிங்கெல், அபி ஷெலத் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பழைய ஹார்டு டிஸ்குகள் 158ஐ விலைக்கு வாங்கி ஆராய்ந்தனர். 2003இல் வெளியான முடிவு: ஓடும் நிலையிலிருந்த 129இல் சரியாகத் துடைக்கப்பட்டவை வெறும் 12.

அதனால்தான் அழிக்கும் வேலையை 'எஸ்டெலிட்', 'இரேசர்' போன்ற தனி மென்பொருள்களிடம் ஒப்படைக்கவும் சாண்ட்பாக்ஸி இடம் தருகிறது. ஃபைல் இருந்த இடத்தின்மீது வேறு தகவலை எழுதி மூடுகின்றன இவை. எத்தனை முறை எழுத வேண்டும்? 1996இல் பீட்டர் கட்மன் சொன்ன 35 என்ற எண்ணிக்கை மந்திரம்போல் இன்னும் ஓதப்படுகிறது. பிற்கால டிஸ்குகளுக்கு அது தேவையில்லை என்று கட்மனே எழுதிவிட்டார். காந்த டிஸ்குக்குப் பொதுவாக ஒருமுறை போதும் என்பது அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

ஆனால் இன்றைய லேப்டாப்களில் காந்த டிஸ்க் எங்கே இருக்கிறது? எஸ்எஸ்டியில் சிப்புகள் சீராகத் தேய வேண்டும் என்பதற்காக, மேலெழுதும் தகவல் ஒவ்வொரு முறையும் வேறு இடத்துக்குப் போகிறது. பழையது சில காலம் ஒரு மூலையில் கிடக்கலாம். சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் 2011இல் சோதித்தபோது, தனி ஃபைலைத் துடைக்கும் முறைகள் எதுவும் எஸ்எஸ்டியில் நம்பகமாக இல்லை. தவிர, ஜெராக்ஸ் கடைக்காரர் எடுத்த பிரிண்ட், விண்டோஸின் பிரிண்டர் வரிசை வழியாகப் போயிருக்கிறது. அந்த வரிசை இருப்பது பெட்டிக்கு வெளியே. நினைவகத்தில் இருந்த துணுக்குகள் டிஸ்கிலுள்ள பேஜ் ஃபைலுக்கும் போயிருக்கலாம்.

ஆக, எழுதிய பின் அழிக்க மல்லுக்கட்டுவதைவிட, பூட்டிய நிலையில் எழுதுவதே மேல். 'பிட்லாக்கர்' கொண்டு முழு டிஸ்கையும் சங்கேதமாக்கலாம். அல்லது 'வெராகிரிப்ட்' மூலம் சங்கேதப் பெட்டகம் ஒன்றை உருவாக்கி, சாண்ட்பாக்ஸ் ஃபோல்டரை அதற்குள் மாற்றலாம். வெளியே கசிந்த துணுக்குகளையும் மறைப்பது முதல் வழிதான். கடவுச்சொல் இல்லாதவருக்கு மிச்சமிருக்கும் துணுக்கு வெறும் குப்பை. 2019இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸிலேயே தந்த சாண்ட்பாக்ஸ், மூடியதும் தன் உள்ளடக்கத்தைத் தானே கைவிடுகிறது. ஆனால் அது ஹோம் பதிப்பில் கிடையாது. அடியில் இருப்பதும் அதே டிஸ்க்தான்.

ஒருநாள் கடைக்காரரின் கம்ப்யூட்டரும் பழசாகி, டெல்லி நேரு பிளேஸிலோ சென்னை ரிச்சி தெருவிலோ விலை பேசப்படும். விற்கும்முன் முழு டிஸ்கையும் துடைக்கும் கட்டளை எஸ்எஸ்டியிலேயே உண்டு. சான் டியேகோ ஆய்வாளர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. அவர்கள் சோதித்தவற்றுள் ஒன்று, துடைத்து முடித்ததாக அறிவித்தது. திறந்து பார்த்தார்கள். எல்லா ஃபைல்களும் வைத்த இடத்தில் இருந்தன.