ஆளில்லாத் தீவு என்று எழுதினார்கள்

லண்டனுக்குத் தெற்கே, கட்விக் விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் கிராலி நகரில் குடியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவன். விமான நிலையத்தில் என்னோடு வேலை செய்கிறவர்களில் சாகோஸ் தீவுக்காரர் பலர். பார்வைக்கு ஆப்பிரிக்கர் போல இருப்பார்கள். சிலருடைய முகத்தில் நம் ஊர்ச் சாயலும் தெரியும். தங்களுக்குள் கிரியோலில் கதைப்பார்கள். எந்த ஊர் என்று கேட்டால் முதலில் மொரீசியஸ் என்பார்கள். நன்றாகப் பழகிய பிறகுதான் சாகோஸ் என்ற பெயர் வாயில் வரும்.

மாலைத்தீவுக்குத் தெற்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டரில், இந்தியப் பெருங்கடல் நடுவே சிதறிக் கிடக்கும் பவளத் தீவுகள் அவை. பெரியது டியாகோ கார்சியா. இன்று அங்கே அமெரிக்கப் படைத்தளம் இருக்கிறது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குண்டு போட்ட விமானங்கள் பல அங்கிருந்து புறப்பட்டவை. தளம் வருவதற்கு முன் அந்த மண்ணில் ஊர் இருந்தது. அந்த ஊருக்கு நடந்ததைத் தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் தென்னந்தோட்டம் போடுவதற்காக மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1814இல் தீவுகள் பிரித்தானியாவின் கைக்குப் போயின. அடிமை முறை ஒழிந்த பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளும் வந்தார்கள். தலைமுறைகள் போகப் போக எல்லாரும் கலந்து ஒரே சனம் ஆனார்கள். தேங்காய் உரிப்பது, உடைப்பது, கொப்பரா காயவைப்பது, எண்ணெய் எடுப்பது, இதுதான் தொழில். சொர்க்கம் போல வாழ்ந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். தோட்டக் கம்பனி வைத்ததுதான் சட்டம், கூலியோ சொற்பம். ஆனாலும் தேவாலயமும் பள்ளிக்கூடமும் இடுகாடும் உள்ள ஊர். பாட்டன் பூட்டனைப் புதைத்த மண்.

1960களில் அமெரிக்காவுக்கு இந்தியப் பெருங்கடலில் ஒரு தளம் தேவைப்பட்டது. ஆள் நடமாட்டமே இல்லாத இடமாக வேண்டும் என்று கேட்டது. விடுதலைக்காகக் காத்திருந்த மொரீசியஸிலிருந்து 1965இல் சாகோஸைப் பிரித்தெடுத்து, அதற்கு 30 இலட்சம் பவுண் கொடுத்து, பிரித்தானியா அதைத் தனிக் காலனியாக்கியது. 1966 டிசம்பரில் 50 ஆண்டுகளுக்கு அமெரிக்காவின் பயன்பாட்டுக்கு விட்டது. வாடகை வாங்கவில்லை. பிரித்தானியா வாங்கிய பொலாரிஸ் ஏவுகணையின் விலையில் 140 இலட்சம் டொலரை அமெரிக்கா இரகசியமாகத் தள்ளிக் கொடுத்தது.

அங்கே நிரந்தரக் குடிகள் இருந்தால் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், அவர்களுடைய விருப்பத்தையும் கேட்க வேண்டும். ஆகவே குடிகளே இல்லை என்று எழுதிவிட முடிவு செய்தார்கள். பல தலைமுறையாக அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் எல்லாரும் வந்து போகும் ஒப்பந்தத் தொழிலாளர் என்று பதிவானார்கள். கடற்காகங்களைத் தவிர அங்கே பூர்வகுடி யாரும் இருக்கப் போவதில்லை என்று 1966இல் வெளியுறவு அலுவலகத்தின் உயர் அதிகாரி ஒருவர் குறிப்பு எழுதினார். அதன் கீழே இன்னொருவர், அங்கே சில டார்சான்களும் ஃப்ரைடேக்களும் இருப்பதாகக் கேலி எழுதி வைத்தார். 1970இல் சட்ட ஆலோசகர் ஒருவர், நிரந்தரக் குடிகள் இல்லை என்ற கற்பனையை எப்படிக் காப்பாற்றுவது என்பதையே விளக்கினார். இந்தக் காகிதங்கள் எல்லாம் பல ஆண்டுகள் கழித்து வெளிச்சத்துக்கு வந்தன. சனத்தைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே எழுத்தில் அழித்துவிட்டார்கள். இதைவிடப் பெரிய வன்முறையை நான் அறியேன்.

விரட்டல் சத்தமில்லாமல் தொடங்கியது. மொரீசியஸுக்கு வைத்தியத்துக்குப் போனவர்களுக்குத் திரும்பி வரக் கப்பல் கிடைக்கவில்லை. வண்டிச் சக்கரம் ஏறிக் காயப்பட்ட மகளைத் தூக்கிக்கொண்டு 1968இல் போர்ட் லூயிஸுக்குப் போனார் ரீட்டா பாங்கூல் என்ற தாய். பிள்ளை பிழைக்கவில்லை. ஊருக்குத் திரும்பலாம் என்று கேட்கப் போனபோது, உங்கள் தீவு விற்கப்பட்டுவிட்டது என்றார்கள். தாயோடு வந்த நான்கு வயது மகன் ஒலிவியே வளர்ந்து மின்தொழிலாளியானார். லண்டன் நீதிமன்றங்களில் பிரித்தானிய அரசுக்கு எதிராகப் பல ஆண்டுகள் வழக்காடியவர் அவர்தான்.

தீவில் மிஞ்சியவர்களுக்குச் சாமான் கப்பல்கள் குறைந்தன. 1971இல் நாய்களைக் கொல்லும்படி ஆளுநர் புரூஸ் கிரேட்பாட்ச் உத்தரவிட்டார். பிள்ளைகளோடு வளர்ந்த நூற்றுக்கணக்கான வீட்டு நாய்களைக் கொப்பரா உலர்த்தும் கொட்டிலுக்குள் அடைத்து, வாகனப் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். அடுத்தது தாங்கள்தான் என்று சனம் பயந்தது. டியாகோ கார்சியா அந்த ஆண்டே காலியானது. மற்றத் தீவுகள் 1973க்குள்.

அந்தக் கடைசிக் கப்பல்களில் ஒன்று நோர்ட்வேர். 1973 ஏப்ரல் 27 அன்று பெரோஸ் பனோஸ் தீவிலிருந்து அதில் ஏறியவர் லிஸ்பி எலிசே. அப்போது இருபது வயதுகூட நிறையாத நான்கு மாதக் கர்ப்பிணி. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் 2018இல் அவருடைய சாட்சியத்தை வீடியோவாகப் பதிவு செய்து ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் காட்டினார்கள். கப்பலில் மிருகங்களைப் போலவும் அடிமைகளைப் போலவும் நடத்தினார்கள், அந்தக் கப்பலில் சனம் துக்கத்தால் செத்துக்கொண்டிருந்தது என்று கிரியோலில் சொன்னார். நான்கு நாள் பயணம். பிள்ளை பிறந்து, இறந்துபோனது. உலகத்தின் மிகப் பெரிய நீதிபதிகள் அதைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். அந்த வீடியோவை நீங்களும் தேடிப் பார்க்க வேண்டும்.

மொரீசியஸில் அவர்களுக்குக் கிடைத்தது போர்ட் லூயிஸின் சேரிகள். கொப்பரா வேலை தவிர வேறு தெரியாதவர்களுக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும்? 1978இல் இழப்பீடாக ஆறரை இலட்சம் பவுண் பகிர்ந்தார்கள். 1982இல் 40 இலட்சம் பவுண்; அதைப் பெறச் சட்ட ஆங்கிலத்தில் எழுதிய தாளில் பலர் பெருவிரல் அடையாளம் வைத்தார்கள். ஊர் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது அவர்களுக்குப் பின்னால்தான் தெரியும். உண்ணாவிரதம் இருந்து, கைதாகி, அந்த உரிமையை உயிரோடு வைத்திருந்தவர்கள் ஷார்லேசியா அலெக்சிஸ், லிசெட் தலாட் போன்ற பெண்கள். இருவரும் ஊருக்குத் திரும்பிக் குடியேறாமலே 2012இல் இறந்தார்கள்.

வழக்குகளின் கதை நீளம். 2000இல் லண்டன் உயர்நீதிமன்றம் வெளியேற்றம் சட்டவிரோதம் என்றது. 2004இல் அரசு, பாராளுமன்றத்தைக் கேட்காமல், அரசியின் பெயரால் ஆணை போட்டு மறுபடியும் கதவை அடைத்தது. 2008இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அந்த ஆணையைச் செல்லும் என்றார்கள். ஒரே ஒரு நீதிபதி மாறி யோசித்திருந்தால்! 2019இல் சர்வதேச நீதிமன்றம், மொரீசியஸிலிருந்து தீவுகளைப் பிரித்ததே முறையற்றது என்று 13க்கு 1 என்ற பெரும்பான்மையில் கருத்துரைத்தது.

நம் சனத்தின் கதையும் இதே தீவைத் தொட்டுப் போகிறது. கனடா நோக்கிப் புறப்பட்ட இலங்கைத் தமிழர் 89 பேரின் படகு 2021 ஒக்டோபரில் டியாகோ கார்சியா அருகே தத்தளித்தது. அவர்களைக் கரைசேர்த்து, வேலி போட்ட முகாமில் குழந்தைகளோடு அடைத்தார்கள். மூன்று ஆண்டுக்குப் பிறகு, எஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலானோரைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் சாகோஸ் ஆட்சிப்பகுதியின் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அந்த நாட்களில் என்னோடு வேலை செய்யும் சாகோஸ் அம்மா ஒருவர் எங்கள் பிள்ளைகளுக்காக மெழுகுவர்த்தி ஏற்றுவதாகச் சொன்னார். தன் தாய் பிறந்த தீவில் ஒரு இரவு தங்கக்கூட அனுமதி இல்லாதவர் அவர்.

2025 மே 22 அன்று பிரித்தானியாவும் மொரீசியஸும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தீவுகள் மொரீசியஸுக்கு, டியாகோ கார்சியா மட்டும் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பிரித்தானியாவிடம், ஆண்டுக்குச் சராசரி 10 கோடியே 10 இலட்சம் பவுண். அன்று அதிகாலையில் டியாகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள் நீதிமன்றம் போய்ச் சில மணி நேரத் தடை வாங்கினார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் ஊரை எப்படிக் கொடுப்பீர்கள் என்பது அவர்களின் வழக்கு. தடை அன்றே நீங்கியது. சாகோஸ்காரர் எல்லாரும் ஒரே கருத்தில் இல்லை. ஒலிவியே போன்றவர்கள் உடன்பாட்டை வரவேற்கிறார்கள், கிராலியில் பலர் கொதிக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்று: 1965இலும் அவர்களை மேசைக்கு அழைக்கவில்லை, 2025இலும் அழைக்கவில்லை.

அமெரிக்கப் படையினரும், அவர்களுக்குச் சமைக்கவும் துப்புரவு செய்யவும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த தொழிலாளர்களும் டியாகோ கார்சியாவில் வாழ்கிறார்கள். உடன்படிக்கையின்படி மற்றத் தீவுகளில் மொரீசியஸ் அரசு மக்களைக் குடியேற்றலாம். டியாகோ கார்சியாவில் பிறந்தவர்கள் டியாகோ கார்சியாவில் குடியேற அதில் இடமில்லை.